நல்ல மண்ணா கொண்டாங்க

1. முதல் நாள்

செஞ்சி மண் பரிசோதனைக் கூடத்தில் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் என் கையில் கொடுத்தவை இரண்டு. ஒரு மரச்சுத்தி, ஒரு சல்லடை. லேப் டெக்னீஷியன் கோர்ஸ் முடித்துவிட்டு, வெள்ளைக் கோட்டு போட்டுக்கொண்டு கண்ணாடிக் குழாய்களுக்கு நடுவே நிற்கப்போகிறோம் என்று நினைத்துப் போனவள் நான். கோட்டு கொடுத்தார்கள். சாயங்காலத்துக்குள் அது செம்மண் நிறத்துக்கு வந்துவிட்டது.

வேலை இதுதான். விவசாயி கொண்டுவரும் மண்ணை வாங்கி, பெயர், ஊர், சர்வே நம்பர் எழுதி, நிழலில் காயவைத்து, கட்டிகளைச் சுத்தியால் தட்டி, இரண்டு மில்லிமீட்டர் சல்லடையில் சலிக்க வேண்டும். சலித்துக் கீழே விழுவதுதான் சாம்பிள். அது உள்ளே போய், பி.எச்., ஈ.சி., ஆர்கானிக் கார்பன், தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல் சத்து என்று எண்களாகி ஒரு கார்டில் ஏறும். சல்லடை மேல் தங்கும் கல்லையும் சரளையையும் கட்டடத்தின் பின்பக்கம் கொட்டிவிடுவோம். அதை எழுத கார்டில் கட்டம் கிடையாது.

எங்கள் ஆபீசர் நல்ல மனிதர், ஆனால் அவசரக்காரர். முதல் நாளே கவுண்டரைக் காட்டிச் சொன்னார்:

"கஸ்தூரி, இங்க நீதான் ஒக்காரப் போற. கல்லு, வேரு, குப்ப கலந்து கொண்டாந்தா வாங்காத. நல்ல மண்ணா கொண்டாரச் சொல்லு. அவ்ளோதான்."

அவ்வளவுதான். அன்றைக்கு ஆரம்பித்தேன். பஸ் கண்டக்டர் 'உள்ள போ, உள்ள போ' என்பதுபோல, என் சர்வீஸ் முழுக்க "நல்ல மண்ணா கொண்டாங்க, நல்ல மண்ணா கொண்டாங்க" என்றே சொல்லிக்கொண்டிருந்தேன். அனந்தபுரத்தில் முகாம் போட்டால் அங்கேயும் மைக்கில் அதையேதான் சொன்னேன். எப்படி எடுக்க வேண்டும் என்பதற்கு ஒரு நோட்டீஸ் இருந்தது. நிலத்தில் பத்துப் பதினைந்து இடத்தில் வளைந்து வளைந்து நடந்து, 'வி' மாதிரி அரையடிக் குழி வெட்டி, ஓரத்து மண்ணைச் சுரண்டி, எல்லாவற்றையும் ஒன்றாகக் கலந்து அரைக்கிலோ கொண்டுவர வேண்டும். வரப்போரம் கூடாது, மர நிழல் கூடாது, எருக்குவியல் இருந்த இடம் கூடாது. நோட்டீஸில் எல்லாம் சரியாகவே எழுதியிருந்தது. அதைச் சுவரில் ஒட்டியிருந்தோம். படித்தவர் யாரையும் நான் பார்த்ததில்லை. நானும் ஒரு தடவைக்கு மேல் படித்ததில்லை.

2. சனி மூலை

எங்களுக்கு ஒரு சென்ட் நிலம் கிடையாது. என் நைனா மேல்மலையனூர் ரோட்டுப் பக்கம் அடுத்தவர் கொல்லைகளில் ஏர் ஓட்டியவர். மானாவாரி நிலத்தை எங்கள் பக்கம் கொல்லை என்போம். பேச்சில் அது 'கொல்லி' ஆகிவிடும். கோடையில் ஏரி காய்ந்ததும் அடியில் படிந்த வண்டல் மண்ணை வெட்டி வண்டியில் ஏற்றிக் கொல்லைகளில் அடிப்பதும் அவர் வேலை. வண்டல் அடித்தால்தான் செம்மண் மழையைப் பிடித்து வைக்கும். அடிக்காவிட்டால் பெய்கிற மழை மேல்மண்ணையும் இழுத்துக்கொண்டு ஓடிவிடும்.

சின்ன வயதில் நைனாவோடு நானும் போவேன். வருஷத்தின் முதல் உழவுக்குக் கொல்லையின் வடகிழக்கு மூலையில்தான் கற்பூரம் ஏற்றித் தேங்காய் உடைப்பார்கள். ஈசானிய மூலை என்று பஞ்சாங்கம் சொல்லும். எங்கள் ஜனங்கள் வாயில் அது சனி மூலை. முதல் ஏர்க்கொழு இறங்குவது அங்கே. முதல் கூடை வண்டல் விழுவது அங்கே. முதல் கூடை எரு விழுவதும் அங்கேதான். எங்களுக்கு ஒரு தேங்காய்ச் சில்லு கிடைக்கும். எனக்குச் சனி மூலை என்றால் தேங்காய்ச் சில்லுதான்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், எனக்குத் தெரியாது என்று நான் சொல்ல முடியாது. தெரியும். வெள்ளைக் கோட்டை மாட்டியபோது அந்த அறிவைக் கழற்றி வீட்டிலேயே வைத்துவிட்டேன்.

3. ஏழுமலையின் கார்டு

ஏழுமலை தொண்டூர்ப் பக்கத்துக்காரர். குன்றடிவாரத்தில் இரண்டு ஏக்கர் மேட்டுக் கொல்லை. மல்லாட்டை போடுவார், அதாவது வேர்க்கடலை. ஊடுபயிராகக் காராமணி, துவரை. முதல் தடவை வந்தபோது மண்ணை மஞ்சள் பையில் கட்டி, அந்தப் பையை இன்னொரு பையில் வைத்து, கோயிலுக்குப் பொங்கல் சாமான் கொண்டுவருவது மாதிரி இரண்டு கையாலும் நீட்டினார். கறுப்பாக, ஒரு கல் இல்லாமல், மாவு மாதிரி இருந்தது. சல்லடையில் போட்டேன். எல்லாம் இறங்கிவிட்டது.

"இதான்யா நல்ல மண்ணு" என்று வரிசையில் நின்றவர்களுக்குத் தூக்கிக் காட்டினேன். ஏழுமலைக்கு முகமெல்லாம் பல்.

கார்டு வந்தது. எல்லாக் கட்டத்திலும் 'நடுத்தரம்', 'போதுமானது'. ஆர்கானிக் கார்பன் எங்கள் பக்கச் செம்மண்ணில் நான் அதிகம் பார்க்காத அளவுக்கு இருந்தது. கார்டை வாங்க வந்தவர் தயங்கித் தயங்கி ஒன்று கேட்டார்.

"மேடம், வருசா வருசம் கோடையில வண்டல் அடிக்கிறோம். மாட்ட வித்துட்டேன். புள்ள ஸ்ரீபெரும்புதூர் பக்கம் கம்பெனிக்குப் பூட்டான். நானும் ஊட்டுக்காரியும்தான் கூடையில செமக்கிறோம். இடுப்பு ஒடியுது. இந்த வருசம் அடிக்கணுமா, வாணாமா?"

நான் கார்டைப் பார்த்தேன். கொல்லையைப் பார்க்கவில்லை. கார்டைத்தான் பார்த்தேன்.

"ஒங்க மண்ணுக்கு எதுக்கு வண்டலு? சும்மா இடுப்ப ஒடிச்சிக்காதீங்க. கார்டுல போட்டிருக்கிற உரத்த மட்டும் போடுங்க."

அவருக்கு நான் அன்றைக்குப் பெரிய உபகாரம் செய்ததாகத்தான் நினைத்தேன். என் நைனா இடுப்பு ஒடிந்து செத்தவர். இந்த மனிதராவது பிழைக்கட்டும் என்று மனதார நினைத்துத்தான் சொன்னேன்.

இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை ஏழுமலை சாம்பிள் கொண்டுவந்தார். ஒவ்வொரு தடவையும் கார்டு முன்னைவிட நன்றாக வந்தது. வண்டலும் அடிக்காமல் எருவும் போடாமல் ஒரு மண் எப்படித் தேறும் என்று நான் கேட்டிருக்க வேண்டும். உள்ளே டைட்ரேஷன் செய்கிற பெண்கூட ஒரு தரம், "அக்கா, இந்தத் தொண்டூர்க்காரு மண்ணு ஏறிகினே போவுதே" என்றாள். "அவரு கைராசி" என்று சொல்லிச் சிரித்தேன்.

அவர் கார்டை லேமினேஷன் செய்து, சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டிவிட்டார். கொல்லையில் சரிவுக்குக் குறுக்கே மூன்று கல் வரப்பு இருந்தது. சும்மா அடுக்கிய கல். சுண்ணாம்பு, சிமெண்ட் எதுவும் கிடையாது. மழைத் தண்ணீர் கல் இடுக்கில் நின்று நின்று இறங்கும்போது மண்ணை அங்கேயே விட்டுவிட்டுப் போகும். அது வருஷா வருஷம் சரியும், வருஷா வருஷம் ஆடிக்கு முன்னால் எடுத்து அடுக்க வேண்டும். டிராக்டர் திரும்ப இடைஞ்சல் என்று அதையும் பிரித்து, பங்காளி வீட்டுக் கடைக்காலுக்குக் கொடுத்துவிட்டார். மண் நல்ல மண் என்று கவர்மெண்டே சொன்ன பிறகு வரப்பு எதற்கு? இதெல்லாம் எனக்குப் பிற்பாடு தெரிந்தது.

4. சிரிப்பு

இதைச் சொல்லாமல் விட்டுவிடலாமா என்று பல தடவை யோசித்தேன். சொல்லிவிடுகிறேன்.

ஒரு நாள் கவுண்டரில் நல்ல கூட்டம். ஒரு அம்மா தனியாக வந்து, முந்தானையில் முடிந்திருந்த மண்ணை அவிழ்த்து மேஜையில் வைத்தாள். நாற்பத்தைந்து வயது இருக்கும். அவள் ஏழுமலையின் மனைவி பச்சையம்மாள் என்று அப்போது எனக்குத் தெரியாது. பெயரைக்கூடக் கேட்கவில்லை. மண் வெளிறிச் சிவந்து, பாதி சரளையாக இருந்தது. ஒரு பிடி அள்ளிச் சல்லடையில் போட்டுக் குலுக்கினேன். கடகடவென்று பெரும்பாலும் மேலேயே தங்கிவிட்டது.

"இன்னாம்மா இது, ரோட்டு மண்ண வாரினு வந்துட்டியா? தார் போட ஜல்லி கேட்டமா நாங்க?" என்றேன்.

வரிசை மொத்தமும் சிரித்தது. எனக்கு அப்படி நாலு பேரைச் சிரிக்கவைப்பது பிடிக்கும். நாள் முழுக்கப் புழுதியில் உட்கார்ந்திருக்கிறவளுக்கு வேறு என்ன பொழுதுபோக்கு?

அவள் சிரிக்கவில்லை. "கொல்லி மண்ணுதாம்மா. நடுக் கொல்லியில எடுத்தது" என்றாள்.

"கொல்லி மண்ணு இப்பிடியா இருக்கும்? போம்மா, போயி நல்ல மண்ணா கொண்டா."

அவள் மண்ணைத் திரும்ப முந்தானையில் கூட்டி அள்ளினாள். மேஜையில் ஒட்டியிருந்ததையும் விரலால் வழித்து எடுத்துக்கொண்டாள். போய்விட்டாள். நான் அடுத்த ஆளைக் கூப்பிட்டேன்.

5. மண்வெட்டி போட்ட சத்தம்

ரிடையர் ஆவதற்குச் சில வருஷம் முன்பு ஒரு புது உத்தரவு வந்தது. விவசாயி மண் கொண்டுவர வேண்டாம், லேப் ஆட்களே நிலத்துக்குப் போய் எடுக்க வேண்டும், செல்போன் ஆப்பில் இடத்தோடு போட்டோ ஏற்ற வேண்டும் என்று. அத்தனை வருஷத்தில் நான் சாம்பிள் எடுக்கக் கொல்லையில் கால் வைத்தது அப்போதுதான். எனக்கு விழுந்த லிஸ்டில் ஏழுமலை பெயர் இருந்தது. தெரிந்த மனிதர், கைராசிக்காரர் என்று சந்தோஷமாகவே போனேன்.

மனிதர் ஓடிவந்து வரவேற்றார். இளநீர் வெட்டிக் கொடுத்தார். மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு, "வாங்க மேடம்" என்று கொல்லையின் ஓரமாகவே நடந்து தாழ்ந்த மூலைக்குக் கூட்டிப்போனார். அங்கே ஒரு செங்கல் நட்டு மஞ்சள் குங்குமம் வைத்திருந்தது. சுற்றி ஒரு பாய் விரிக்கிற அளவுக்குக் கறுத்த மண்.

"எடுத்துக்குங்க" என்றார்.

"இங்க வாணாங்க, நடுவுல எடுக்கணும். ஆப்புல புள்ளி அங்க காட்டுது."

நடுவுக்குப் போனோம். போகிற வழியிலேயே எனக்கு ஒரு மாதிரியாகத்தான் இருந்தது. மல்லாட்டைச் செடி முழங்கால் உயரம் வர வேண்டிய நேரத்தில் சாண் உயரத்தில் மஞ்சளாக நின்றது. செடிக்குச் செடி நடுவே சரளை தெரிந்தது. அவர் மண்வெட்டியை ஓங்கிப் போட்டார். 'ணங்' என்றது. இன்னொரு இடத்தில் போட்டார். அங்கேயும் அதே சத்தம். மூன்று விரல் மண், அதற்குக் கீழே சரளை.

"ஏங்க, இத்தினி வருசமா நீங்க எங்க மண்ணு எடுத்து கொண்டாந்தீங்க?"

நான் ஏதோ பைத்தியக்காரத்தனமாகக் கேட்டதுபோல அவர் பார்த்தார்.

"சனி மூலையிலதான் மேடம். கவர்மெண்டுக்கு அனுப்புற மண்ணாச்சே, கண்ட எடத்துலயா எடுப்பாங்க? நீங்கதான நல்ல மண்ணா கொண்டாங்கன்னு சொன்னீங்க. கொல்லியிலயே நல்ல மண்ணு அதான்."

நிமிர்ந்து கொல்லையை ஒரு சுற்றுப் பார்த்தேன். சரிவு முழுக்க அந்த மூலையைப் பார்த்துத்தான் இறங்கியது. கல் வரப்பு போன பிறகு ஒவ்வொரு மழையும் கொல்லையின் மேல்மண்ணை வாரிக்கொண்டுபோய்க் கொஞ்சத்தை அந்த மூலையில் போட்டுவிட்டு, மீதியை ஓடையில் விட்டிருக்கிறது. கொல்லை கெடக் கெட மூலை தேறியது. மூலை தேறத் தேறக் கார்டு தேறியது. நானும் கைராசி என்று சிரித்தேன்.

பச்சையம்மாள் தலையில் புல்லுக்கட்டோடு வந்து நின்றாள். அந்த முகத்தை உடனே அடையாளம் தெரிந்தது. அவளுக்கும் தெரிந்தது. கட்டை இறக்கிவைத்துவிட்டு, என்னிடம் இல்லை, புருஷனிடம் சொன்னாள்:

"நான் சொல்லசொல்ல கேட்டியா? மண்ணு பூடுது, மண்ணு பூடுதுன்னு தலதலயா அடிச்சிகினேன். கார்ட காமிச்சி என் வாய அடச்சியே."

ஏழுமலை, மண்வெட்டியின் வாயில் மண் ஒட்டாவிட்டாலும் அதைக் குச்சியால் சுரண்டிக்கொண்டே நின்றார்.

6. சரி செய்யப் பார்த்தது

லேப்புக்குத் திரும்பி ஆபீசரிடம் சொன்னேன். சனி மூலைப் பழக்கம், 'நல்ல மண்' என்ற சொல், எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னேன். இவர் முதல் நாள் பார்த்தவர் அல்ல, பிறகு வந்தவர். பொறுமையாகக் கேட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"கஸ்தூரி, நீ சொல்றது எனக்குப் புரியுது. ஆனா ஏழுமல ஒருத்தரா? எத்தன பேருக்கு கார்டு குடுத்திருப்போம்? எல்லாம் தப்புன்னு இப்ப சொன்னா, நாளைக்கு எவன் நம்மள நம்புவான்? இனிமே எடுக்கிறத ஒழுங்கா எடுப்போம். போனது போனதுதான்."

அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. முறைப்படி மனு எழுதி வைத்தேன். பதில் வரவில்லை.

ஏழுமலையின் நடுக் கொல்லை மண்ணை நானே சலித்து, நானே நின்று டெஸ்ட் செய்ய வைத்து, புதுக் கார்டை நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். எல்லாக் கட்டமும் 'குறைவு'. அவர் சுவரிலிருந்த பழைய கார்டையும் புதுக் கார்டையும் இரண்டு கையில் பிடித்துக்கொண்டு கேட்டார்:

"ரெண்டுலயும் ஒரே சீலுதான் இருக்குது மேடம். எது நெசம்?"

திரும்ப வண்டல் அடிக்கச் சொன்னேன். ஏரியில் மண் எடுக்க அனுமதிக்கு எழுதித் தந்தேன். அனுமதி வருவதற்குள் மழை வந்துவிட்டது. அடுத்த கோடையில் போனால், வண்டல் படிந்திருந்த பக்கத்தை மெஷின் வைத்து யாரோ வழித்துவிட்டிருந்தார்கள். அடியில் உப்புப் பூத்த களர்தான் இருந்தது. கல் வரப்புக்குக் கல் வேண்டும். கல்லெல்லாம் பங்காளி வீட்டுச் சுவருக்கு அடியில் கிடந்தது. ஏழுமலை தனியாளாக முள்ளை வெட்டிச் சரிவுக்குக் குறுக்கே போட்டுப் பார்த்தார். அந்த ஐப்பசி மழை முள்ளையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போனது. கொல்லை நடுவே ஆள் இறங்கி நிற்கிற அளவுக்கு ஒரு ஓடை விழுந்துவிட்டது. அரையடி மண்ணை எத்தனை தலைமுறை சுமந்து சேர்த்திருக்கும்! போவதற்கு ஒரு ஐப்பசி போதும்.

7. சொல்ல வந்தது

நான் ரிடையர் ஆகி, போன கோடையில் ஒரு நாள் மனம் கேட்காமல் தொண்டூர்ப் பக்கம் பஸ் ஏறினேன். அங்கே கொல்லை இல்லை. ஒரு பெரிய பள்ளம் இருந்தது. விளையாத நிலத்துச் சரளைக்கு ரோடு போடுகிறவர்களிடம் கிராக்கி. ஏழுமலை அதற்குக் கொடுத்துவிட்டார். அவர் இப்போது திண்டிவனத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் வாட்ச்மேன். பள்ளத்தின் வடகிழக்கு ஓரத்தில் மட்டும் ஒரு திட்டு வெட்டப்படாமல் நின்றது. மேலே அதே செங்கல். திட்டில் நாலு பூசணிக்கொடி. அதற்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள் பச்சையம்மாள்.

லேப்பில் புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கு நான் சொல்ல வந்தது கொஞ்சம்தான். யாரிடமும் நல்ல மண் கேட்காதீர்கள். எங்கே விளையவில்லையோ அந்த மண்ணைக் கேளுங்கள். ஜனங்கள் பெரியவர்கள் முன்னால், தங்களிடம் இருப்பதில் நல்லதைத்தான் வைப்பார்கள். அது மரியாதை, பொய் இல்லை. சல்லடையில் தங்குவதைக் கொட்டும் முன் ஒரு தரம் பாருங்கள். ஒருத்தி முந்தானையில் முடிந்து கொண்டுவந்தால், பெயரையாவது கேளுங்கள்.

பச்சையம்மாள் என்னைத் திட்டுவாள் என்று நினைத்துத்தான் போனேன். திட்டியிருந்தால் தேவலை. சொம்பில் தண்ணீர் கொடுத்தாள். குடித்து முடித்ததும், "அன்னிக்கு உங்கள நான் அப்பிடி பேசியிருக்கக் கூடாதும்மா" என்றேன்.

அவள் சொம்பை வாங்கி, மிச்சத் தண்ணீரைக் கொடிக்கு ஊற்றினாள்.

"அந்த மண்ண நானு ஊட்டுக்குக்கூட எடுத்துனு வர்ல. ரோட்டு மண்ணுன்னு சொன்னியா, செஞ்சி பஸ் ஸ்டாண்டாண்ட ரோட்டுலயே ஒதறிட்டு வந்துட்டேன். இப்ப பாரு, மொத்த கொல்லியும் ரோட்டுலதான் கெடக்குது."

ஊரிலிருந்து கூட்டு ரோடு வரைக்கும் புதிதாகச் சரளை கொட்டிப் பரப்பியிருந்தார்கள். தார் இன்னும் போடவில்லை. பஸ் அன்றைக்கு வரவில்லை. அந்த ரோட்டில் நடந்துதான் நான் திரும்பினேன்.